ஒரே வீடு, ஆளுக்கொரு விலை

அப்பாவின் வீட்டை விற்கப்போகிறோம் என்று தெருவுக்குத் தெரிந்த அன்றைக்கே விலையும் கிளம்பிவிட்டது. இஸ்திரி போடும் அண்ணன் ஒன்றரைக் கோடி என்றார். எதிர்வீட்டு அத்தை, "ஒண்ணேகால் கோடிக்குக் கீழ இறங்காதீங்கடி" என்றார். பஹ்ரைனில் இருக்கும் தம்பி ஏதோ ஒரு விற்பனைத் தளத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கோடியே நாற்பது என்று வாட்ஸ்அப்பில் போட்டான். நேரில் வந்து பார்த்த தரகர் எண்பது லட்சம் என்றார். அதையும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குழாயடியைப் பார்த்துச் சொன்னார்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு புடவைக்கு அடக்கம் என்ன, எவ்வளவு வைத்து விற்கிறோம், ஆடித் தள்ளுபடியில் எவ்வளவு போகும் என்பதெல்லாம் அத்துப்படி. வீட்டுக்கும் அப்படிக் கணக்குப் போட ஒரு நோட்டை எடுத்தேன். போட முடிந்தது. என்ன, வாங்க வருகிற ஆள் மாறினால் கணக்கும் மாறுகிறது. எந்தெந்த ஆள் வர முடியும் என்பதைப் பீரோவில் இருக்கும் பத்திரக்கட்டும் வாசலில் இருக்கும் தெருவும் முடிவு செய்கின்றன. எங்கள் பக்கத்தில் அப்பா அம்மா வீட்டை விற்கும் வயதில் நிறையப் பேர் இருக்கிறோம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீடு வட சென்னையில், தண்டையார்பேட்டையில், டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் ஹை ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில். முகப்பு 18 அடி, உள்ளே 62 அடி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 1979-ல் வாங்கினார். கீழ்த்தளம் அப்போதே பழையது, மெட்ராஸ் டெரஸ்: பர்மா தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சன்னமான செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் பதித்த கூரை. மாடியை 1994-ல் கான்கிரீட்டில் போட்டார். மாடிக்கு ப்ளான் அப்ரூவல் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் வாங்கவில்லை என்பது உண்மைதான், அந்தப் பதிலை வங்கியில் போய்ச் சொல்ல முடியாது.

தரகர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி எத்தனை அறை என்பதல்ல, எத்தனை சதுர அடி மனை என்பது. கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி, எங்களுடையது அரைக் கிரவுண்டுக்கும் கொஞ்சம் கம்மி. பத்திரத்தில் 1,150 சதுர அடி என்று இருந்தது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஒன்று எடுக்க வேண்டும், டி.எஸ்.எல்.ஆர். என்பார்கள், சென்னைக்குள் பட்டா மாதிரி அதைத்தான் கேட்கிறார்கள். அதில் 104 சதுர மீட்டர் என்று வந்தது. பெருக்கிப் பார்த்தால் 1,119 சதுர அடி. 31 சதுர அடி எங்கே போனது? பொதுச்சுவரின் கனத்திலா, பழைய பத்திரம் எழுதியவர் நூல் பிடித்து அளந்த லட்சணத்திலா, யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர் எது குறைவோ அதற்குத்தான் பணம் தருவார். சதுர அடி 8,500 என்று வைத்தால் அந்த 31 அடியின் விலை இரண்டரை லட்சத்துக்கு மேல். அதனால் விலை பேசுவதற்கு முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு அளந்தால் எதிர்க்கட்சி அளப்பதாக ஆகிவிடும்.

கடன் போட்டு வாங்க வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நர்சாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவர் கணவரும். ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள், அம்மா வீட்டுக்கு நடந்து போகும் தூரத்திலேயே சொந்த வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பேசிப் பேசி சதுர அடி 8,500-க்கு வந்தார்கள், 95 லட்சம் சொச்சம். எங்களுக்கும் சம்மதம். அப்புறம் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்தார்.

அவர் லேசர் அளவுகோலால் ஒவ்வொரு அறையாக அளந்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பொறுமையாக விளக்கினார். மனைக்கு அவர் போட்டது சதுர அடி 7,800. 1,119 அடிக்கு 87 லட்சத்து 28 ஆயிரம். கட்டடத்துக்குத் தனிக் கணக்கு. மாடி 600 சதுர அடி, இன்றைக்குக் கட்டினால் அடிக்கு 1,800 என்று வைத்தாலும் 10 லட்சத்து 80 ஆயிரம். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருஷம், கடைசியில் 10 விழுக்காடு மிஞ்சும் என்று வைத்துக்கொண்டு, ஓடிய 31 வருஷத்துக்குத் தேய்மானம் கழித்தால் ஐந்தே முக்கால் லட்சம் நிற்கும். "ஆனா மேடம், மாடிக்கு அப்ரூவல் இல்லையே, இதை ரிப்போர்ட்ல சேர்க்க முடியாது" என்று அந்த ஐந்தே முக்காலையும் கோடு போட்டு அடித்தார். கீழ்த்தளத்துக்கு வயதே தெரியாது, பூஜ்யம். அப்பா ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில் போட்ட மாடி அந்தக் காகிதத்தில் ஒரு அடித்த கோடு. அம்மா காபி கொண்டுவந்து வைத்தபோது நான் நோட்டை மூடிக்கொண்டேன்.

இனிமேல்தான் விஷயம். வங்கி கடன் தருவது பேசிய விலைக்கு இல்லை. பேசிய விலை, மதிப்பீட்டாளர் போட்ட விலை, இரண்டில் எது குறைவோ அதற்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் தரலாம். 75 லட்சத்தைத் தாண்டிய கடனுக்கு 75 விழுக்காடு. ஆக 87 லட்சத்துக்கு அவர்களுக்கு அதிகபட்சம் 70 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். மீதி 25 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 விழுக்காடு. அதுவே எட்டரை லட்சம், அதற்குக் கடன் சேராது. சுமார் 34 லட்சம் ரொக்கமாகக் கையில் இருந்தால்தான் அவர்கள் 95 லட்சத்துக்கு வாங்க முடியும். வாங்க மனசு இருந்தது, ரொக்கம் 28 வரைதான் புரண்டது. எங்கள் வீட்டின் விலை அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பெண் எவ்வளவு நகையை அடகு வைக்கத் தயார் என்பதில் வந்து நின்றது. மாடிக்கு மட்டும் அப்ரூவல் இருந்திருந்தால் அந்த ஐந்தே முக்கால் மதிப்பில் சேர்ந்து, கடன் நாலரை லட்சம் கூடியிருக்கும்.

காகிதம் விலையில் இப்படித்தான் உட்கார்கிறது. காகிதம் சரியாக இருந்தால் விலை ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். காகிதம் சரியாக இருந்தால் கடன் வாங்குகிறவர் உள்ளே வருவார். அவர் வந்தால் ரொக்கக்காரர் இஷ்டத்துக்கு விலையைக் குறைக்க முடியாது. வங்கிகள் பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான்: தாய்ப் பத்திரம் (நமக்கு முன்னால் சொத்து கைமாறி வந்த பத்திரம்), 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்), டி.எஸ்.எல்.ஆர்., அப்ரூவ்ட் ப்ளான், கார்ப்பரேஷன் வரி ரசீது, மெட்ரோ வாட்டர் ரசீது. சொந்தக்காரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். எங்களில் அம்மா, நான், தங்கை, தம்பி என்று நாலு பங்கு. அப்பா உயில் எழுதவில்லை, அதனால் அவருடைய சொந்தச் சம்பாத்தியம் அம்மாவுக்கும் பிள்ளைகளான எங்களுக்கும் சமமாகப் போகிறது. "பொண்ணுங்க கையெழுத்து எதுக்கு?" என்று கேட்ட பெரியவர் ஒருவரும் எங்கள் சொந்தத்தில் உண்டு. எங்கள் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கி வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார், அவருக்கு அதுவே போதுமான பதில்.

தம்பி பவர் கொடுத்து அனுப்புகிறேன் என்றான், அதாவது அவனுக்குப் பதில் வேறொருவர் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம். வேண்டாம், லீவு போட்டு வா என்றேன். பவரில் விற்கிற சொத்து என்றாலே நம் ஊரில் ஒரு சந்தேகம் உண்டு. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று வேறு வாங்க வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவர் பங்குக்கு வாங்குகிறவர் வழக்கமான 1 விழுக்காடு வரி பிடித்தால் போதாது, மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். இதைக் கேட்டே ஒருவர் விலகினார். இதெல்லாம் எந்த விற்பனைத் தளத்திலும் தெரியாத விலைக்குறைப்பு.

எங்களைவிட மோசமான நிலைமைகளும் உண்டு. என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவுக்குத் திருவொற்றியூரில் வீடு, மனை கோயிலுடையது. வீடு அவர்களுடையது, தரை வாடகை கோயிலுக்கு. நல்ல மாடி வீடு, தேரடி மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகலாம். ஆனால் மனையை எழுதிக்கொடுக்க முடியாது, வங்கி எட்டிப் பார்க்காது. தெரிந்தவர் ஒருவர் கையில் காசு கொடுத்துக் கட்டடத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் உண்டு. கொடுங்கையூர்ப் பக்கம் அரசு வாரியம் ஒதுக்கிய மனைகளிலும் இதேபோல ஒரு சிக்கல்: தவணை கட்டி முடித்தும் வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, பெயின்ட் அடிப்பதை ஒத்திவையுங்கள், முதலில் அந்தப் பத்திரத்தை வாங்குங்கள்.

பெயின்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. விற்பதற்கு முன் நாலு லட்சம் போட்டு டைல்ஸ் மாற்றி மாடுலர் கிச்சன் வைத்தால் பத்து லட்சம் கூட வரும் என்பது தம்பியின் யோசனை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அது ஓரளவு நடக்கும், அங்கே வாங்குகிறவர் அப்படியே குடிபோகிறார். எங்களைப் போன்ற பழைய தனி வீட்டில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இடிக்கத்தான் வாங்குகிறார்கள். இடிக்கப்போகிறவனுக்கு எதற்கு கிரானைட் மேடை? மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்து, வெள்ளையடித்து, பரணைக் காலி செய்தோம். அதோடு சரி.

பில்டர் ஒருவர் வந்தார். உள்ளேயே வரவில்லை. தெரு முனையில் காரை விட்டுவிட்டு நடந்து வந்தார், அப்போதே பாதி விலை தீர்மானமாகிவிட்டது. எங்கள் தெரு 14 அடி. டாடா ஏஸ் வரும், கார் வந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்னாலேயே போக வேண்டும். நம் கட்டட விதிகளில் மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பது பொதுக்கணக்கு. கட்டணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம், அதற்குச் சாலை 9 மீட்டராவது இருக்க வேண்டும். எங்கள் 1,119 அடிக்கு இரண்டு மடங்கு என்றால் 2,238 அடி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 18 அடி முகப்பில் முன்னால் இடம் விட்டு, மாடிப்படி வைத்து, கார் நிறுத்த இடம் காட்டிவிட்டு மிச்சத்தில் எத்தனை ஃப்ளாட் எழுப்புவது? "சிங்கிளா இந்த மனை எனக்கு ஒர்க் அவுட் ஆகாதும்மா" என்றார். அவர் சொன்ன விலை சதுர அடி 7,000, அதாவது 78 லட்சம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் விற்கப்போகும் ஃப்ளாட்டின் விலையிலிருந்து கட்டுமானச் செலவையும் லாபத்தையும் வட்டியையும் கழித்துக்கொண்டே வந்தால் மனைக்கு மிஞ்சுவது அதுதான்.

பில்டரோடு வந்த இடிப்புக் கான்ட்ராக்டர்தான் வீட்டை முழுசாகச் சுற்றிப் பார்த்தார். டார்ச் அடித்து உத்தரங்களை எண்ணினார், சாவியால் ஓர் ஓரத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "பர்மா தேக்குங்க. இந்த மாதிரி சரக்கு இப்ப எங்க கிடைக்குது?" என்றார். இடித்துத் தரக் கூலி கேட்காமல், மரத்துக்கும் கதவு ஜன்னலுக்கும் கம்பிக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொன்னார். வந்தவர்களிலேயே எங்கள் வீட்டைப் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான். வங்கி பூஜ்யம் போட்ட கீழ்த்தளத்துக்கு ஒன்றே முக்கால். நோட்டில் தனி வரியாக எழுதிக்கொண்டேன்.

தெருவைப் பற்றி இன்னும் உண்டு. அந்த நர்ஸ் பெண்ணின் மாமனார் கொத்தனாராக இருந்து ஓய்ந்தவர். எல்லோரும் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, அவர் வாசல்படியிலேயே குந்திவிட்டார். ஒரு கையைத் தெருத் தார் மேலும் இன்னொன்றை எங்கள் நடைத் தரையிலும் வைத்துப் பார்த்தார். தரை ஒரு ஜாண் பள்ளம். 1979-ல் நாலு படி ஏறி நுழைந்த வீடு அது. ரோடு போட்டது, அதன் மேல் ரோடு போட்டது, அதற்கும் மேல் போட்டது என்று படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்து, இப்போது மழை பெய்தால் தெருத் தண்ணீர் எங்களைத்தான் எட்டிப் பார்க்கும். அப்பா வாசலில் ஒரு கட்டை எழுப்பி வைத்திருந்தார். பெரியவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரின் அடியில் பூத்திருந்த உப்பை நகத்தால் பெயர்த்து மகனிடம் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மாலையே அவர்கள் பேச்சு 8,700-லிருந்து 8,500-க்கு இறங்கியது.

சென்னையில் ஜாக்கி போட்டு வீட்டையே சில அடி தூக்கித் தருகிறார்கள். பொதுச்சுவர் வீட்டுக்கு அது உதவாது, பக்கத்து வீட்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எவ்வளவு தண்ணீர் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்களிடம் கேட்டுவிட்டு, அப்புறம் தனியாகப் போய் எதிர்வீட்டு அத்தையிடமும் கேட்டார்கள். அதனால் இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவதுதான் மரியாதை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலிப் பக்கம் விற்பவர்களுக்கும் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். குடிதண்ணீரும் அப்படியே. மெட்ரோ வாட்டர் லைன் இருக்கிறதா, அடி பம்பில் எத்தனை மணிக்கு வருகிறது, போர் தண்ணீர் உப்பா என்று பெண்கள்தான் கேட்பார்கள். ஆண்கள் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது பெண்கள் பம்பை அடித்துப் பார்ப்பார்கள்.

வாசல் தெற்கு பார்த்தது. டி.எச். ரோடு வடக்குத் தெற்காக ஓடுவதால் உள்தெருக்களில் பெரும்பாலும் ஒரு வரிசை தெற்கு, எதிர்வரிசை வடக்கு. எதிர்வரிசையில் இதே அளவு மனைக்குக் கொஞ்சம் கூடக் கேட்கிறார்கள், கேட்கிற ஆட்களும் அதிகம். சித்திரை வெயிலில் சாயங்காலக் காற்று வருவது எங்கள் வரிசைக்குத்தான், அதற்கு யாரும் காசு தருவதில்லை.

மெட்ரோ வந்ததால் விலை ஏறியிருக்குமே என்று தென்சென்னைச் சொந்தங்கள் கேட்பார்கள். 2016-ல் வேலை ஆரம்பித்து டி.எச். ரோடு வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. 2021 பிப்ரவரி 14-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடியது. தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையம். மெயின் ரோட்டுக் கடை மனைகளுக்கு நல்ல ஏற்றம். உள்தெருவில் எனக்குத் தெரிந்து உடனே அசைந்தது வாடகை. மாடி காலியானால் அடுத்த வாரமே ஆள் வருகிறது. வாங்குகிறவர்கள் இன்னும் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள்தான்: காசிமேட்டில் படகு வைத்திருப்பவர், எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவர், துறைமுக வேலையில் ஓய்வுபெற்றவரின் பிள்ளை. வேளச்சேரியில் இருப்பவருக்கு "வட சென்னையா?" என்று முகம் சுளிக்கத் தெரியும். எங்கள் விலையை அவர் தீர்மானிப்பதில்லை, அதனால் அவர் முகத்தைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

சரி, உண்மையில் தெருவில் என்ன விலைக்குப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தளங்களில் இருப்பது விற்கிறவர் ஆசைப்படும் விலை. டீக்கடை விலை அதைவிட மேல். நான் செய்தது, பதிவுத்துறை இணையதளத்தில் எங்கள் தெருவில் சமீபத்தில் கைமாறிய வீடுகளின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை என்று ஓர் இடம் இருக்கும். அதையும் அப்படியே நம்ப முடியாது. ரொக்கம் புழங்கிய இடத்தில் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு வைத்த குறைந்தபட்ச விலையைத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அதே பதிவுக்கு அடுத்து வங்கிக்கு எழுதிக்கொடுத்த அடமானப் பதிவு இருந்தால், அந்த விற்பனைத் தொகை பெரும்பாலும் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கடன் வேண்டும் என்பவர் குறைத்து எழுத மாட்டாரே. அப்படிப் பார்த்து வடிகட்டியதில்தான் 8,500 என்பது நியாயம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது, தம்பியின் ஒரு கோடியே நாற்பதும் அடங்கியது.

வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலை என்று குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பதிவுக்கு அரசு வைத்த தரைமட்டம். 2017 ஜூனில் அதை 33 விழுக்காடு குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கினார்கள். அந்த இரண்டு நாளிலும் எங்கள் தெருவில் எந்த வீடும் மாறவில்லை, செங்கல்லும் மாறவில்லை. வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போய் விற்றால் சிக்கல். வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்காத பணத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டிவரும்.

ஒரு கடைக்காரர் ஒரு கோடி தருவதாகச் சொன்னார். வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு, மிச்சம் ரொக்கம். கேட்க 95-ஐவிடப் பெரிசாகத்தான் இருக்கிறது. வீடு விற்கும் வகையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம் என்பதைக் கணக்கு எழுதுகிறவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பெயரில் நாளைக்கு டெபாசிட்கூடப் போட முடியாத பணம் அது. நான் அந்த ஒரு கோடியை ஒரு கோடியாக எண்ணவே இல்லை.

வாங்கியது கடைசியில் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர். காசிமேட்டில் இரண்டு படகு, இரண்டு பிள்ளைகள். அவர் மனையும் 18 அடி முகப்பு. எங்களுடையதையும் சேர்த்தால் 36 அடி, மொத்தம் 2,240 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு. நடுவில் படி, கீழே வண்டி நிறுத்த, மேலே பிள்ளைக்கு ஒரு தளம். தனியாக இருந்தால் பில்டர் 7,000 கேட்கும் மனை, அவர் கையில் சேர்ந்தால் அவருடைய மனையின் மதிப்பையும் சேர்த்து ஏற்றுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் வீட்டின் குறைகள் எதுவும் அவரிடம் குறையாக இல்லை. மாடிக்கு அப்ரூவல் இல்லையா? இடிக்கத்தானே போகிறார். தரை பள்ளமா? மண் கொட்டி ஏற்றப்போகிறார். தெற்கு வாசலா? அவர் பிறந்ததே தெற்கு வாசல் வீட்டில்தான். தெரு 14 அடிதானா? அவர் வண்டியும் அதே தெருவில்தான் நிற்கிறது.

ஆனால் அவரும் முதலில் கேட்டது 8,000. "அக்கா, இத்தனை வருஷம் பக்கத்துல இருந்துட்டோம், எனக்குப் போய் வெளியாள் ரேட் சொல்றீங்களே" என்று அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டார். அம்மா கரைய ஆரம்பித்ததும் நான் அந்த நர்ஸ் குடும்பத்தின் பேச்சை எடுத்து வைத்தேன்: 8,500, முழுக்க செக். அது கற்பனை இல்லை, மதிப்பீட்டாளர் வந்துபோனதைத் தெருவே பார்த்திருந்தது. அதற்குப் பிறகு அவர் 8,500-க்குக் கீழே பேசவில்லை. அவருக்குக் கட்டுப்படியாகும் உச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, எங்களுக்கு எவ்வளவு அவசரம் என்று அவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் 9,100-ல் முடிந்தது. ஒரு கோடியே ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம். அந்த விலையைக் கொடுத்தவர் அவர், அந்த விலை வரக் காரணம் வாங்க முடியாமல் போன அந்த நர்ஸ் குடும்பம். அவர்களுக்கு நான் போன் செய்து சொன்னேன், புது வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஃப்ளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பார்த்துவிட்டு விலை பேசச் சொன்னேன்.

ஒப்பந்தத்தில் நான் சேர்க்கச் சொன்ன ஒரே வரி, உத்தரங்களும் கதவு ஜன்னல்களும் விற்பனையில் சேராது என்பது. அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒன்றே முக்கால் சொன்ன கான்ட்ராக்டரிடம் பேசி இரண்டு லட்சத்துக்கு ஏற்றினேன். அதற்கு நாலு பங்கு கிடையாது, முழுசும் அம்மாவுக்கு. மீதிக்கு மூலதன ஆதாய வரி விஷயத்தை ஆடிட்டரிடம் விட்டிருக்கிறோம்: 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கமாக வைத்துக்கொண்டு, 12.5 விழுக்காடா, பணவீக்கம் கழித்து 20 விழுக்காடா, எது லாபமோ அதைக் கட்டலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இங்கே குடியிருப்பவர்களுக்கு உண்டு, தம்பிக்குக் கிடையாது. அதற்கும் அவன் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான்.